தியோ ஆஞ்சலோபுலோஸ்: திரும்பி வந்த அப்பாவும் வெட்டாத ஷாட்டும்

கேள்வி இதுதான்: "தியோ ஆஞ்சலோபுலோஸ் என்ற கிரேக்க இயக்குநர் யார்? ஒரு படத்தைப் போட்டு நாற்பது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை. இவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? பார்ப்பதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?"

நாற்பது நிமிடம் தாங்கியதே பெரிய விஷயம். முதல் தடவை நான் இருபதாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோதும் அதே ஷாட் ஓடிக்கொண்டிருந்த மாதிரி ஒரு பிரமை. அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் 'ஒன்றுமே நடக்கவில்லை' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மற்றவர்கள் இருபது ஷாட்டில் பிரித்துக் காட்டுவதை இவர் ஒரே ஷாட்டில் நடக்கவிடுகிறார். எங்கே பார்க்க வேண்டும் என்று கைகாட்ட மாட்டார், நாம்தான் தேட வேண்டும். அது பிடிபட்டால் மெதுவாக இருப்பது தொந்தரவாகத் தெரியாது.

அவர் வாழ்க்கையில் 1944 டிசம்பரைத் தெரிந்துகொள்ளாமல் படங்களுக்குள் போக முடியாது. 1935 ஏப்ரல் 27ஆம் தேதி ஏதென்ஸில் பிறந்தவர். அப்பா ஸ்பைரோஸ் சின்ன வியாபாரி, அம்மா பெயர் கத்தெரீனா. ஜெர்மானியர்கள் கிரேக்கத்தை விட்டுப் போன இரண்டே மாதத்தில், அவர்களை எதிர்த்துப் போராடிய இடதுசாரிப் படைக்கும் பிரிட்டிஷ் ஆதரவு பெற்ற அரசுப் படைக்கும் ஏதென்ஸ் தெருக்களிலேயே சண்டை மூண்டது. அதில் இடதுசாரிகள் ஸ்பைரோஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுட்டுவிட்டார்கள் என்றே வீட்டில் நினைத்தார்கள். அம்மா ஒன்பது வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, புறநகர்ப் பகுதியில் கிடந்த பிணங்களுக்கு நடுவே கணவரின் முகத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு ஒரு நாள் அப்பா தெருவில் நடந்து வந்தார். வீட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை என்று தியோவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நாற்பது வருடம் அவர் எடுத்த படங்களில் இந்த ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. யாரோ ஒருவர் வெகு காலம் கழித்து வீடு திரும்புவார், வீட்டில் இருப்பவர்களுக்கு அவரை என்ன செய்வதென்று தெரியாது. ஆண் கதாபாத்திரங்கள் பலருக்கு ஸ்பைரோஸ் என்றே பெயர். பதினோரு வயதில் இறந்துபோன தங்கை வூலாவின் பெயரும் ஒரு படத்தில் நாயகியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனது இடதுசாரிகள். ஆனால் மகன் வாழ்நாள் முழுக்கத் தோற்றுப்போன இடதுசாரிகளின் பக்கம் நின்றே படம் எடுத்தார். இந்த முரணை அவர் மறைக்கவும் இல்லை, விளக்கிக்கொண்டிருக்கவும் இல்லை.

ஏதென்ஸில் சட்டம் படித்தார், முடிக்கவில்லை. ராணுவ சேவை முடித்து 1961இல் பாரிஸ் போனார். அங்கே இதெக் என்ற பிரபலமான திரைப்படப் பள்ளியில் சேர்ந்து, முதல் வருடத்தோடு வெளியே வந்தார். அவர் சொன்ன கதை இது: ஒரு காட்சியை ஷாட், எதிர் ஷாட் என்று, அதாவது பேசுபவர் முகம், கேட்பவர் முகம் என மாறி மாறிப் பிரித்து எழுதிக் காட்டச் சொன்னார் ஆசிரியர். இவர் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, கேமரா 360 டிகிரி திரும்பும், அவ்வளவுதான் என்றார். ஆசிரியருக்குக் கோபம் வந்தது, வாக்குவாதம் முற்றியது, படிப்பு போனது. கொஞ்சம் மெருகேற்றிய கதையாகவும் இருக்கலாம், இயக்குநர்கள் சொல்லும் கதைதானே. ஆனால் பின்னாளில் எடுத்த படங்களைப் பார்த்தால் அந்த வட்டத்தை அவர் கைவிடவே இல்லை என்று தெரியும். பள்ளியை விட்டபின் ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷிடம் கொஞ்ச நாள் பாடம் கேட்டார். பழைய படங்களைத் திரையிடும் சினிமாதெக்கில் டிக்கெட் கிழித்து ஆட்களை உட்காரவைக்கும் வேலை பார்த்தபடியே படங்களைப் பார்த்துத் தீர்த்தார்.

1964இல் ஊருக்கு வந்தவர் பாரிஸ் திரும்பும் எண்ணத்தோடுதான் வந்தார். ஒரு ஊர்வலத்தில் போலீஸ் அடித்து மூக்குக்கண்ணாடி உடைந்தது. தங்கிவிட்டார். ஒரு இடதுசாரி நாளிதழில் சினிமா விமர்சனம் எழுதினார். 1967 ஏப்ரல் 21இல் ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்ததும் அந்தப் பத்திரிகையை மூடிவிட்டார்கள். வேலையும் போனது. நடுவில் ஃபார்மிங்க்ஸ் என்ற பாப் இசைக்குழுவை வைத்து ஆரம்பித்த படமும் பாதியில் நின்றது. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற இசையமைப்பாளர் வாங்கெலிஸ் அந்தக் குழுவில்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

முதல் முழுநீளப் படம் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்', 1970. ஜெர்மனியில் கூலி வேலை பார்த்துவிட்டு எபிரஸ் மலைக் கிராமத்துக்குத் திரும்பும் ஒருவனை மனைவியும் அவள் காதலனும் கொன்றுவிடுகிறார்கள். வீடு வந்த அப்பாவைக் குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ட்ராய் போர் முடிந்து வந்த மன்னன் அகமெம்னானை மனைவி கொன்ற பழைய கிரேக்கக் கதையும் அதற்குள் இருக்கிறது. போலீஸ் கொலையை நடித்துக் காட்டச் சொல்கிறது, பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஆனால் கொலையை நாம் கடைசி வரை பார்ப்பதில்லை. கடைசி ஷாட்டில் கேமரா வீட்டு வாசலில் நிற்கிறது. கணவன் உள்ளே போகிறான். கேமரா போகாது. இளைஞர்கள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விட, கறுப்பு உடுத்திய கிழவிகள் மட்டும் மிஞ்சிய கல்வீட்டுக் கிராமம், மழை, சேறு. சுற்றுலா போஸ்டரில் வரும் நீலக்கடல், வெள்ளை வீடு கிரேக்கம் இவர் படங்களில் கிடையாது. வடக்கே, குளிர்காலத்தில், மேகம் மூடிய நாளில்தான் எடுப்பார். வெயில் அடித்தால் ஷூட்டிங் நிற்கும். ஒளிப்பதிவாளர் யோர்கோஸ் அர்வானிடிஸ் இந்தப் படத்திலிருந்தே கூட இருந்தார், கூட்டு முப்பது வருடம் நீடித்தது.

அடுத்து 'டேஸ் ஆஃப் 36', 1972. சர்வாதிகாரம் நடக்கும்போதே பழைய சர்வாதிகாரத்தைப் பற்றி எடுத்த படம். தணிக்கை இருப்பதால் முக்கியமான பேச்செல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும், நமக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்கும். வாயைத் திறக்க முடியாத நாட்டைக் காட்ட அதைவிடப் பொருத்தமான வழி எது?

இனி 'தி டிராவலிங் பிளேயர்ஸ்', 1975. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் என் கணக்கில் அவருடைய உச்சம் இதுதான். கிட்டத்தட்ட நாலு மணி நேரம், மொத்தமே 80 ஷாட் பக்கம். சாதாரணப் படம் ஒன்றில் ஒரு பாட்டுக்கே இதைவிட அதிகம் இருக்கும்.

ஒரு நாடகக் குழு ஊர் ஊராகப் போய் 'கோல்ஃபோ' என்ற ஆட்டிடையர் காதல் நாடகத்தைப் போடுகிறது. 1939 முதல் 1952 வரை. நாடகம் ஒரு தடவைகூட ஒழுங்காக முடிவதில்லை. சைரன் ஊதும், குண்டு விழும், போலீஸ் வரும், யாராவது சுடப்படுவார்கள். அந்தப் பதிமூன்று வருடத்தில் கிரேக்கத்தின் மேல் வந்து விழுந்தவை எல்லாம் மேடை ஏறிவிடுகின்றன: மெடாக்ஸாஸ் சர்வாதிகாரம், 1940 அக்டோபரில் இத்தாலியப் படையெடுப்பு, 1941இல் ஜெர்மானியர், 1944 டிசம்பர், 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர், இடதுசாரிகளின் தோல்வி. குழுவில் இருப்பவர்களோ அகமெம்னான் குடும்பம். காட்டிக்கொடுக்கும் ஏஜிஸ்தஸ், அவன்தான் மனைவியின் காதலன், பழிவாங்க வரும் மகன், கொரில்லாப் போராளி ஓரெஸ்டஸ், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே உயிரோடு மிஞ்சும் மகள் எலெக்ட்ரா. ஓரெஸ்டஸ் தன் அம்மாவையும் அவளுடைய காதலனையும் மேடையிலேயே சுட்டுக் கொல்கிறான். நாடகம் என்று நினைத்து ஜனம் கைதட்டுகிறது. பின்னால் சிறையில் கொல்லப்பட்ட ஓரெஸ்டஸைப் புதைக்கும்போது சக நடிகர்கள் கைதட்டுகிறார்கள். முதல் கைதட்டலை ஞாபகம் வைத்திருப்பவருக்கு இரண்டாவது எப்படிக் கேட்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஷாட்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 1946 புத்தாண்டு இரவு. நடன அரங்கில் இடதுசாரி இளைஞர்களும் வலதுசாரி இளைஞர்களும் சண்டை போடாமல் பாட்டாலேயே மோதிக்கொள்கிறார்கள். ஒருவன் துப்பாக்கியை எடுத்ததும் இடதுசாரிகள் வெளியேறுகிறார்கள். மிச்சமிருக்கும் ஆண்கள் ஒருவரோடொருவர் ஆடுகிறார்கள். விடியற்காலையில் தொப்பியும் கோட்டுமாகப் பாடிக்கொண்டே தெருவில் நடக்கிறார்கள், கேமராவும் கூடவே நகர்கிறது. போதையில் தள்ளாடிய நடை கொஞ்சம் கொஞ்சமாக அணிவகுப்பாகிறது. தெரு முனைக்கு வரும்போது ஒலிபெருக்கி கேட்கிறது, கூட்டம் தெரிகிறது. அது 1952இல் வலதுசாரித் தலைவர் மார்ஷல் பாபகோஸின் தேர்தல் கூட்டம்! நடுவில் வெட்டு இல்லை, 'ஆறு வருடங்களுக்குப் பிறகு' என்று எழுத்தும் இல்லை. அன்று துப்பாக்கி எடுத்தவர்கள் ஆறு வருடம் கழித்து ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வருகிறார்கள் என்பதை ஒரே நடையில் சொல்லிவிடுகிறார். இதே காட்சியை வெட்டி ஒட்டியிருந்தால் அது தகவலாகப் போயிருக்கும். வெட்டாததால் அவர்களோடு நாமும் நடந்து போய்ச் சேர்கிறோம்.

இதை ராணுவ ஆட்சி நடக்கும்போதே எடுக்க ஆரம்பித்தார் என்பதுதான் வேடிக்கை. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் நடக்கும் ஓரெஸ்டஸ் புராணக் கதை என்று சொல்லி அதிகாரிகளைச் சமாளித்தார்கள். 1974 ஜூலையில் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த ஜனநாயக அரசும் வலதுசாரி அரசுதான், இந்தப் படத்தை நாட்டின் சார்பில் கான் திரைப்பட விழாப் போட்டிக்கு அனுப்ப மறுத்தது. படம் அதே கானில் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டு விமர்சகர்கள் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தது. ஊரில் திரையரங்குகளிலும் கூட்டம் கூடியது.

'தி ஹண்டர்ஸ்', 1977, ஒரு வரிக் கதைக்காகவே பார்க்கலாம்: புத்தாண்டுக்கு வேட்டைக்குப் போன பணக்காரர்கள் பனியில் ஒரு கொரில்லாப் போராளியின் பிணத்தைப் பார்க்கிறார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது, காயத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை. கடைசியில் அதே பனியில் திரும்பப் புதைத்துவிட்டு வருகிறார்கள். 1980இல் வந்த 'மெகாலெக்ஸாண்ட்ரோஸ்' வெனிஸ் திரைப்பட விழாவில் விருது வாங்கியது. எனக்கு அது கொஞ்சம் பாரம். அதில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருகிறார்கள், தனி மனுஷன் என்று யாரும் மனதில் நிற்பதில்லை.

அதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். 1984இல் 'வாயேஜ் டு சிதேரா'வில் வரலாறு பின்னால் போய், ஒரு கிழவர் முன்னால் வருகிறார். உள்நாட்டுப் போரில் தோற்று சோவியத் யூனியனுக்கு ஓடிப்போன ஸ்பைரோஸ் 32 வருடம் கழித்துக் கப்பலில் வந்து இறங்குகிறார். பெண்டாட்டி பெயர் கத்தெரீனா, ஆமாம், பெற்றோர் பெயர்களேதான். இறங்கியதும் அவர் சொல்வது "நான்தான்" என்ற ஒரு வார்த்தை. கிராமமே நிலத்தைப் பனிச்சறுக்கு விடுதிக்கு விற்கத் தயாராக இருக்க, கிழவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். குடியுரிமையும் இல்லை. அவரை எங்கே வைப்பதென்று தெரியாமல் சர்வதேசக் கடல் எல்லையில் ஒரு மிதவையில் ஏற்றிவிடுகிறார்கள். மழையில் கிழவி, நானும் போகிறேன் என்று கேட்டு வாங்கிப் போய் அந்த மிதவையில் ஏறிக்கொள்கிறாள். கடைசியில் மிதவையின் கயிற்றை அவிழ்த்துவிடுவதும் அந்த ஜோடிதான். கிழவராக நடித்த மானோஸ் காத்ராகிஸ் நிஜத்தில் அரசியலுக்காகத் தீவுச் சிறையில் கிடந்தவர், படம் வந்த வருடமே இறந்துபோனார். திரைக்கதைக்குக் கானில் பரிசு. இத்தாலியத் திரைக்கதை எழுத்தாளர் டோனினோ குவெர்ரா எழுத்தில் சேர்ந்ததும், எலெனி கரைந்த்ரூ இசைக்கு வந்ததும் இந்தப் படத்தில்தான். கரைந்த்ரூவின் இசையைக் கேட்டிருந்தால் தெரியும், படத்தைப் பார்க்காமல் ஆல்பத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

'தி பீகீப்பர்', 1986, இத்தாலிய நடிகர் மாஸ்ட்ரோயானிக்காக ஒரு தடவை பார்க்கலாம்.

உங்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது 'லாண்ட்ஸ்கேப் இன் தி மிஸ்ட்', 1988. ஏதென்ஸில் வூலா என்ற சிறுமியும் ஐந்து வயதுத் தம்பியும் ஜெர்மனியில் இருப்பதாக அம்மா சொன்ன அப்பாவைத் தேடி டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறுகிறார்கள். அப்படி ஒரு அப்பாவே இல்லை. மாமா போலீஸிடம் சொல்வது அவர்கள் காதில் விழுந்துவிடுகிறது, ஆனாலும் நம்ப மாட்டார்கள். உடனே பனி கொட்ட ஆரம்பிக்கிறது. ஸ்டேஷனில் இருந்த அத்தனை போலீஸும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபடி சிலையாக நிற்க, இரண்டு பிள்ளைகளும் நடுவே புகுந்து ஓடிவிடுகிறார்கள். இன்னொரு இடத்தில் தெசலோனிகி கடலிலிருந்து ஹெலிகாப்டர் ஒரு பிரம்மாண்டமான கல் கையைத் தூக்குகிறது. ஆள்காட்டி விரல் உடைந்திருக்கும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்ட விரல் இல்லாத கை! 'டிராவலிங் பிளேயர்ஸ்' குழுவும் இதில் வருகிறது, கிழடாகி, நாடகம் போட இடம் கிடைக்காமல், கடற்கரையில் உடைகளை விற்கத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதில் ஒரு லாரிக் காட்சி உண்டு. டிரைவர் சிறுமியைப் பின்புறம் தார்ப்பாய்க்குள் இழுத்துப் போகிறான். கேமரா வெளியே அசையாமல் நிற்கிறது. சாலையில் வண்டிகள் போகின்றன, ஒன்றிரண்டு கிட்டத்தில் நிற்கவும் செய்கின்றன, யாருக்கும் தெரியாது. பிறகு அவள் வெளியே வந்து தன் கையில் இருக்கும் ரத்தத்தைப் பார்க்கிறாள். எதையும் காட்டாமல் இவ்வளவு பதற வைத்த காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷ'னில் வாசலில் நின்ற அதே கேமராதான் இது. இன்னொன்று: படத்தின் கடைசியில் பிள்ளைகள் ஜெர்மனி எல்லை என்று ஒரு ஆற்றைக் கடக்கிறார்கள். கிரேக்கத்துக்கும் ஜெர்மனிக்கும் பொது எல்லையே கிடையாது. அது தெரிந்து அந்த மூடுபனியைப் பாருங்கள். வெனிஸில் வெள்ளிச் சிங்கமும், ஐரோப்பாவின் சிறந்த படம் என்ற விருதும் இதற்குக் கிடைத்தன.

அப்புறம் எல்லைகள். 1991இல் 'தி சஸ்பெண்டட் ஸ்டெப் ஆஃப் தி ஸ்டோர்க்'. ஆற்றின் இக்கரையில் மணப்பெண், அக்கரையில் மாப்பிள்ளை, நடுவில் நாட்டு எல்லை, கல்யாணம் பேச்சே இல்லாமல் நடக்கிறது. ஷூட்டிங் நடந்த ஃப்ளோரினா ஊர் பிஷப் இந்தப் படத்தை ஒழுக்கக்கேடு என்று எதிர்த்து இயக்குநரைச் சபையிலிருந்து விலக்கிவைத்தார். 1995இல் 'யூலிசஸ் கேஸ்', அதாவது யூலிசஸின் பார்வை. பால்கன் பகுதியின் முதல் படங்களை எடுத்த மனாகி சகோதரர்களின் கழுவப்படாத மூன்று ஃபிலிம் சுருளைத் தேடி இயக்குநராக நடித்த ஹார்வி கைடல் ஃப்ளோரினாவிலிருந்து அல்பேனியா, ருமேனியா வழியாகப் போர் நடக்கும் சரயேவோ வரை போகிறார். உடைத்து எடுத்த லெனின் சிலை ஒன்று படகில் படுத்தபடி டான்யூப் நதியில் போகிறது, கரையில் ஜனங்கள் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். சரயேவோவில் மூடுபனி இறங்கினால்தான் மக்கள் வெளியே வந்து நடப்பார்கள், இசை வாசிப்பார்கள், ஏனென்றால் பனியில் குறிபார்த்துச் சுட முடியாது. கடைசியில் அதே பனிக்குள்தான் கொலையும் நடக்கிறது. திரை முழுக்க வெள்ளை, சத்தம் மட்டும் கேட்கும். படப்பிடிப்பின் நடுவே நடிகர் ஜியான் மரியா வொலொந்தே ஃப்ளோரினாவில் இறந்துபோக, அவர் வேடத்தை எர்லாண்ட் யோசெப்சன் செய்தார்.

இந்தப் படத்துக்குக் கானில் இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசான தங்கப் பனை இயக்குநர் குஸ்துரிகாவுக்குப் போனது. மேடையில் தியோவின் முகம் இறுகிப்போய், இதுதான் தருவதென்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்கிற மாதிரி இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கினார். அந்த வருட ஜூரிக்குத் தலைவி நடிகை ழான் மோரோ, நாலு வருடம் முன்புதான் இவர் படத்தில் நடித்தவர். பெருந்தன்மையான நடத்தை இல்லைதான். தன்னடக்கம் அவருடைய பலம் என்று யாரும் சொன்னதில்லை. மூன்று வருடம் கழித்து 'எடர்னிட்டி அண்ட் எ டே'க்குத் தங்கப் பனை வந்தது. ஜூரி தலைவர் மார்ட்டின் ஸ்கார்செஸி.

அந்தப் படத்தில் ஒரு விஷயம், மொழி மேல் ஆசை உள்ளவர்களுக்கு. கிரேக்க தேசிய கீதம் எழுதிய சொலொமோஸ் இத்தாலியில் வளர்ந்தவர், ஊர் திரும்பியபோது கிரேக்கம் சரியாக வரவில்லை. தெரியாத சொல்லை யார் சொன்னாலும் காசு கொடுத்து வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. படத்தில், மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிற வயதான எழுத்தாளர் இந்தக் கதையைச் சிக்னலில் கார் கண்ணாடி துடைக்கும் அல்பேனியச் சிறுவனுக்குச் சொல்கிறார். அவனும் அவருக்குச் சொற்களை விற்கிறான். அதில் ஒன்று 'க்ஸெனிடிஸ்', எங்கே போனாலும் அயலானாகவே இருப்பவன்.

பிந்தைய படங்களில் 'தி வீப்பிங் மெடோ', 2004, பார்க்க வேண்டியது. கெர்கினி ஏரியில் தண்ணீர் வற்றிய இடத்தில் நிஜமாகவே ஒரு கிராமத்தைக் கட்டி, நீர் ஏறி அது மூழ்கும்போது படமெடுத்தார்கள். 'தி டஸ்ட் ஆஃப் டைம்', 2008, பெரிய நடிகர்கள் இருந்தும் எடுபடவில்லை. தன் பழைய படிமங்களையே எடுத்துத் தூசி தட்டி வைத்த மாதிரி இருந்தது. அவர் மேல் சொல்லப்படும் குறைகளில் எனக்கும் உடன்பாடு உள்ளது இரண்டு: கடைசிக் காலத்தில் கவித்துவம் வசனத்தில் வழிய ஆரம்பித்தது, பெண்கள் பெரும்பாலும் காத்திருப்பவர்களாகவும் அழுபவர்களாகவுமே நின்றுவிட்டார்கள்.

பொருளாதார நெருக்கடியில் தவிக்கும் கிரேக்கத்தைப் பற்றி 'தி அதர் ஸீ' எடுத்துக்கொண்டிருந்தார். 2012 ஜனவரி 24 மாலை, பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய டிராபெட்ஸோனாவில் ஷூட்டிங் இடத்தருகே சாலையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதியது. அன்றிரவே ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 76. படம் பாதியிலேயே நின்றது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் 'லாண்ட்ஸ்கேப் இன் தி மிஸ்ட்', பிறகு 'எடர்னிட்டி', அப்புறம் 'சிதேரா'. இவை மூன்றுக்கும் வரலாறு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'டிராவலிங் பிளேயர்ஸ்' பார்க்கும் நாளில் மட்டும் மேலே நான் வரிசையாகச் சொன்ன வருடங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படம் 1952இல் ஆரம்பித்து, அதே ஊர் ரயில் நிலையத்தில், அதே ஆட்கள் பெட்டிகளோடு வந்து நிற்க, 1939இல் முடியும். போனில் பார்க்காதீர்கள். ஒரே ஷாட்டில் தூரத்தில் ஒரு ஓரமாக யாரோ நடந்து வருவார், அதுதான் விஷயமாக இருக்கும். சின்னத் திரையில் அவர் வெறும் புள்ளி.

நடுவில் தூக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.